என்ன கறி வச்சிய?

கன்னியாகுமரிக்குப் போகிறவர்கள் வழக்கமாக என்ன செய்கிறார்கள்? விடியற்காலையில் எழுந்து சூரியோதயம் பார்க்கிறார்கள். மேகம் மூடியிருந்தாலும், பார்த்ததாக ஊருக்கு வந்து சொல்கிறார்கள். படகேறி விவேகானந்தர் பாறைக்குப் போகிறார்கள். 2024 டிசம்பரில் திறந்த கண்ணாடிப் பாலத்தின்மேல் பயந்துகொண்டே நடந்து போய், 133 அடி உயரத் திருவள்ளுவரை அண்ணாந்து பார்க்கிறார்கள். கலர் மணலும் சங்கு மாலையும் வாங்குகிறார்கள். பிறகு, "நம் ஊர்ச் சாப்பாடு எங்கே கிடைக்கும்?" என்று விசாரித்து ஒரு ஹோட்டலில் புகுந்து, தினம் சாப்பிடுகிற அதே சாம்பாரைச் சாப்பிட்டுவிட்டு ரயிலேறிவிடுகிறார்கள்.

அடடா, எவ்வளவு பெரிய நஷ்டம்! குமரி முனையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் நாகர்கோவில் இருக்கிறது. அதைச் சுற்றித் தோவாளை, அகஸ்தீஸ்வரம் பகுதிகளில் பரவிக் கிடப்பதுதான் நாஞ்சில் நாடு. அங்கே பார்க்க வேண்டியவை எத்தனையோ உண்டு. ஆனால் நான் இந்த வாரம் வாசகிகளுக்குச் சொல்லப்போவது பார்க்கிற விஷயத்தைப் பற்றி அல்ல, காதால் கேட்கிற விஷயத்தைப் பற்றி. பஸ்ஸிலும் சந்தையிலும் கோயில் பிராகாரத்திலும் கல்யாணப் பந்தலிலும் அந்த ஊர்க்காரர்கள் சமையலைப் பற்றிப் பேசுகிற பேச்சு இருக்கிறதே, அதைப் பற்றித்தான். பசியோடு இருப்பவர்கள் சாப்பிட்டுவிட்டு வந்து மேலே படிப்பது நல்லது.

கணவாய்க்கு அந்தப் பக்கம்

திருநெல்வேலியிலிருந்து தெற்கே வருகிற சாலை முப்பந்தலை நெருங்கும்வரை இரண்டு புறமும் வறண்ட பூமிதான். காற்றாலைகள் மட்டும் ராட்சசர்கள் மாதிரி கை வீசிக்கொண்டு நிற்கின்றன. ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டியதும் யாரோ திரையைத் தூக்கிவிட்டது போல் இருக்கிறது. மலை, குளம், தென்னை, வாழை, வயல் என்று ஒரே பச்சை. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் இந்தப் பூமிக்கு உண்டு. போதாதற்கு 1906-ல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணையின் தண்ணீர் வேறு. ஆகையால் நெல்லில் இரண்டு போகம். அந்தப் போகங்களுக்கு வைத்திருக்கும் பெயரைப் பாருங்கள்: கன்னிப்பூ, கும்பப்பூ! விளைச்சலையே பூ என்று சொல்கிறவர்கள் சோற்றை எப்படிக் கொண்டாடுவார்கள் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். நாஞ்சில் என்றாலே கலப்பை என்றுதானே பொருள்!

நாகர்கோவிலிலிருந்து சுசீந்திரம் போகும் டவுன் பஸ்ஸில் எனக்கு முன் ஸீட்டில் இரண்டு பெண்மணிகள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் தாணுமாலயன் கோயிலுக்குப் போகிறார். இன்னொருவர் மகள் வீட்டுக்குப் போகிறார். சௌக்கியம் விசாரித்து முடிந்த அடுத்த நிமிஷமே கேள்வி வந்துவிட்டது.

"என்ன கறி வச்சிய, அக்கா?"

"இன்னைக்கு வெள்ளிக்கிழமைல்லா? வழுதலங்காய் தீயலும் பயறு தொவரனும்."

"ரசம் வைக்கல்லியா?"

"மோர் கெடக்கு. அது போரும்."

சென்னையில் கறி என்றால் ஆட்டுக்கறி. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகிற அம்மாளிடம் அந்தக் கேள்வியைக் கேட்டால் வம்பில் முடியும். நாஞ்சில் நாட்டில் கறி என்றால் சோற்றுக்குத் துணையாக இலையில் வருகிற எதுவும் கறி. "சாப்பிட்டாயா?" என்று கேட்பது தமிழ்நாடு முழுவதும் உள்ள மரியாதை. ஆனால், 'சாப்பிட்டேன்' என்ற ஒரு வார்த்தையோடு அது முடிந்துவிடுகிறது. 'என்ன கறி?' என்று கேட்டால் பேச்சு அப்போதுதான் ஆரம்பிக்கிறது. தீயலுக்கு நல்லமிளகு வைத்தாயா, தொவரனுக்குத் தேங்காயை அரைத்தாயா சதைத்தாயா என்று கிளை விட்டுக்கொண்டே போகும்.

இது இன்று நேற்று வந்த பழக்கம் என்று நினைக்கிறீர்களா? புறநானூற்றின் 140-ஆம் பாட்டை எடுத்துப் பாருங்கள். நாஞ்சில் மலைக்குத் தலைவனான வள்ளுவன் என்பவனை ஔவையார் பாடிய பாட்டு அது. ஔவையாரோடு வந்த விறலியர் வீட்டுக் கொல்லையில் கீரை பறித்திருக்கிறார்கள். கீரைக்கறி சமைத்தால் அதோடு சேர்க்கக் கொஞ்சம் அரிசி வேண்டாமா? அதைத்தான் ஔவையார் கேட்டார். அவன் கொடுத்தது ஒரு யானையை! இப்படியும் யோசனையில்லாத கொடை உண்டா என்று அந்த அம்மையார் அதிசயப்படுகிறார். யானையை வைத்துக்கொண்டு கீரையை எப்படிச் சாப்பிடுவது? ஆக, நாஞ்சில் நாட்டைப் பற்றிச் சங்க காலத்திலேயே கிடைக்கிற சமாசாரமும் 'இன்றைக்கு என்ன கறி' என்பதுதான்.

சந்தைக்கு ஒரு அகராதி

வடசேரியில் கனகமூலம் சந்தை என்று அழகான பெயரில் ஒரு சந்தை இருக்கிறது. நம் ஊர்ப் பெண்கள் அங்கே காய் வாங்கப் போவதானால் கையில் ஒரு சின்ன அகராதி வேண்டும். கத்தரிக்காயில் நீளமாக இருப்பதை வழுதலங்காய் என்கிறார்கள். சாம்பல் பூசணி அங்கே தடியங்காய். கொத்தவரங்காய் சீனியவரைக்காய். சின்ன வெங்காயம் உள்ளி. பலா, சக்கை. மரவள்ளிக் கிழங்கு, மரச்சீனி. மிளகாயிலிருந்து பிரித்துக் காட்டுவதற்காக நம்முடைய பழைய மிளகுக்கு 'நல்லமிளகு' என்று ஒரு பட்டம் கொடுத்திருக்கிறார்கள். பிற நாட்டிலிருந்து வந்த மிளகாயை விட நம்முடையது நல்லது என்ற அபிமானமோ என்னவோ!

சேனைக்கிழங்கு விற்கிற அம்மாளிடம் விலை கேட்டேன். விலையைச் சொல்வதற்கு முன் அவள் கேட்டது என்ன தெரியுமா? "அவியலுக்கா, எரிசேரிக்கா?" என்பதுதான். அவியலுக்கானால் விரல் நீளத்துக்கு நறுக்க வாகான துண்டாகத் தருவாளாம். எரிசேரிக்கு நன்றாகக் குழைய வேண்டும், ஆகையால் வேறு துண்டு. "எரிசேரிக்கு மேலே தேங்காயைச் சிவக்க வறுத்துப் போடணும், கேட்டியளா? அதில்லாட்டி அது எரிசேரி இல்லே, வெறும் கூட்டு" என்று இலவசமாக ஒரு பாடமும் நடத்தினாள். பக்கத்தில் நின்ற இன்னொரு அம்மாள், "நல்லமிளகை விட்டுட்டேளே!" என்று சொல்லிக்கொண்டே பாடத்தில் சேர்ந்துகொண்டாள். நான் சேனைக்கிழங்கு வாங்கவில்லை. லாட்ஜ் அறையில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதற்காக யாரும் கோபித்துக்கொள்ளவும் இல்லை. சமையலைப் பற்றி ஒருவன் காது கொடுத்துக் கேட்டானே, அதுவே வியாபாரம் என்ற திருப்தி அவர்கள் முகத்தில் இருந்தது.

அவியல் வழக்கு

கல்யாணத்துக்கு முதல் நாள் இரவு காய் வெட்டு என்று ஒரு வழக்கம் அந்தப் பக்கத்தில் உண்டு. உற்றார் உறவினர், அண்டை அயலார் எல்லோரும் கூடி உட்கார்ந்து மறுநாள் விருந்துக்குக் காய் நறுக்குவார்கள். மலை போல் காய், நடுவில் அரிவாள்மணை, சுற்றிலும் மனிதர்கள். கை வேலை செய்யும்போது வாய் சும்மா இருக்குமா? அப்படி ஒரு காய் வெட்டில்தான் அவியல் வழக்கைக் கேட்டேன்.

அவியலைக் கண்டுபிடித்தவன் பீமசேனன் என்று கதை சொல்வார்கள். விராடன் அரண்மனையில் சமையற்காரனாக வேஷம் போட்டுக்கொண்டு இருந்தபோது, கிடைத்த காய்களையெல்லாம் ஒன்றாகப் போட்டு வேகவைத்துவிட்டானாம். அது எப்படியோ போகட்டும். நாஞ்சில் நாட்டு அவியலில் எல்லாக் காய்க்கும் இடம் கிடைத்துவிடாது. வாழைக்காய், சேனை, முருங்கைக்காய், வழுதலங்காய், தடியங்காய், வெள்ளரிக்காய், புடலங்காய், சீனியவரை, பலாக்கொட்டை இவையெல்லாம் வரலாம். வெண்டைக்காயும் தக்காளியும் வாசலோடு நின்றுவிட வேண்டும்.

இதுவரை எல்லோருக்கும் சம்மதம். புளிப்புக்கு என்ன போடுவது என்பதில்தான் தகராறு. முகத்தில் சுருக்கம் விழுந்த ஒரு மூதாட்டி, "மாங்காய்தான் அவியலுக்கு அழகு" என்று ஆரம்பித்தாள். "எங்க வீட்டிலே புளிக்கரைசல் விட்டுத்தான் பழக்கம்" என்றாள் அவள் மருமகள், மாமியார் முகத்தைப் பார்க்காமல். கல்குளம் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த ஒரு பெண் மெதுவாக, "தயிர் விட்டா என்ன?" என்றாள். அவ்வளவுதான்! மூன்று அரிவாள்மணைகளும் ஒரு கணம் நின்றுவிட்டன. "தயிர் விட்டா அதை நாளைக்கு வச்சுச் சாப்பிட முடியுமா? பழைய அவியலுக்குள்ள ருசி புது அவியலுக்கு வருமா?" என்று மூதாட்டி ஒரு குறுக்கு விசாரணை நடத்தினாள்.

கடைசியில் தீர்ப்புச் சொன்னவர் தவசிப்பிள்ளை. விருந்துச் சமையலுக்குத் தலைவரை நாஞ்சில் நாட்டில் அப்படித்தான் சொல்வார்கள். "மாங்காய் உள்ள காலத்திலே மாங்காய். அது இல்லாத காலத்திலே புளி. தயிரு அவங்கவங்க வீட்டுக்குள்ளே வச்சுக்கிடட்டும்" என்றார். எல்லாக் கட்சியும் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு மறுபடி நறுக்க ஆரம்பித்தார்கள்.

ஆனால் அவர் எனக்குத் தனியாகச் சொன்ன சில நுணுக்கங்கள் வாசகிகளுக்கு உபயோகப்படும். வேக நேரமாகும் காயை முதலில் போட வேண்டும், நீர்க்காய்கள் கடைசியில். தண்ணீர் தெளித்தாற்போல் விட்டால் போதும், காயே தண்ணீர் விட்டுக்கொள்ளும். தேங்காய், சீரகம், பச்சை மிளகாய் மூன்றையும் கொரகொரப்பாகத்தான் அரைக்க வேண்டும். அரைப்பைக் காயின் மேல் வைத்து மூடி, ஆவி வந்த பிறகு கரண்டிக் காம்பால் புரட்ட வேண்டும். கிண்டினால் காய் உடைந்து களியாகிவிடும். இறக்கிய பிறகு பச்சைத் தேங்காயெண்ணெயும் கறிவேப்பிலையும் போட்டு மூடிவிட வேண்டும். "அந்த மூடியை முதல்லே யாரு தொறக்காங்களோ, அவங்களுக்குத்தான் அவியல்" என்றார் அவர். மணம் முழுவதும் அவர்களுக்குப் போய்விடுமாம்!

செல்போனில் போகாத மணம்

தீயல் என்ற பெயரைக் கேட்டு, எதையோ தீய விட்டுவிட்டார்கள் என்று பயப்பட வேண்டாம். ஆனால் தீய்வதற்கு ஒரு நிமிஷம் முன்னால் வரை கொண்டுபோக வேண்டும். வித்தை முழுவதும் அந்த ஒரு நிமிஷத்தில்தான் இருக்கிறது.

நாகர்கோவிலில் நான் போயிருந்த ஒரு வீட்டில், தாயார் இங்கே அடுப்படியில் நிற்கிறார், மகள் பெங்களூரில் அவள் வீட்டு அடுப்படியில் நிற்கிறாள். நடுவில் செல்போன். மகள் வாணலியைப் போனுக்கு நேரே சாய்த்துக் காட்டுகிறாள்.

"அம்மா, நிறம் போருமா?"

"போராது மக்கா. காப்பிக்கொட்டை நிறம் வரணும். தீயைக் கூட்டாதே."

"இப்போ?"

"இன்னும் கொஞ்சம். மணம் வருதா?"

"என்ன மணம்மா?"

தாயாருக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. சற்று நேரம் யோசித்துவிட்டு, "நம்ம வீட்டு மணம் மக்கா" என்றார். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "வருது" என்று மட்டும் மகள் சொன்னாள்.

படம் போகிறது, குரல் போகிறது. மணம் மட்டும் போனில் போவதில்லை. ஆகையால்தான் இந்தப் பேச்செல்லாம் வேண்டியிருக்கிறது. அந்த வீட்டு உள்ளித் தீயலை நான் குறித்துக்கொண்டு வந்தேன். நாலு பேருக்குக் கணக்கு:

ஒரு மூடித் தேங்காயைத் துருவி, வெறும் வாணலியில் சிறு தீயில் வறுக்க வேண்டும். பாதி சிவந்ததும் கொத்தமல்லி விதை 2 மேஜைக் கரண்டி, வற்றல் மிளகாய் 6, நல்லமிளகு அரைத் தேக்கரண்டி, கொஞ்சம் கறிவேப்பிலை சேர்த்து, காப்பிக்கொட்டை நிறம் வரும்வரை கை எடுக்காமல் கிளற வேண்டும். ஆறிய பிறகு தண்ணீர் விடாமல் அரைத்தால் தேங்காயிலிருந்து எண்ணெய் பிரியும். அதுதான் பதம். பிறகு சிறிது தண்ணீர் விட்டு வெண்ணெயாக அரைத்துக்கொள்ளலாம். கால் கிலோ உள்ளியை உரித்து, தேங்காயெண்ணெயில் வதக்கி, எலுமிச்சை அளவு புளியைக் கரைத்து விட்டு, உப்பும் மஞ்சள் பொடியும் போட்டுப் பச்சை வாசனை போகக் கொதிக்கவிட வேண்டும். அரைப்பைச் சேர்த்து, எண்ணெய் மேலே மிதந்து வரும்போது கடுகு தாளித்து இறக்கிவிடலாம். அன்றைக்கு விட மறுநாள் ருசி அதிகம். உள்ளிக்குப் பதில் பாகற்காய், வழுதலங்காய் எதுவும் போடலாம்.

துண்டும் தொவரனும்

குளித்துவிட்டு ஒருவர், "துவர்த்து எடு" என்றார். என்னவென்று பார்த்தால் தலை துவட்டுகிற துண்டு! துவர்த்துக்கும், இலையில் வைக்கிற தொவரனுக்கும் என்ன சம்பந்தம்? பெரிய சம்பந்தம் இருக்கிறது. துவர்தல் என்றால் ஈரம் வற்றுதல். தலை ஈரத்தை வற்றச் செய்வது துவர்த்து. காயின் ஈரத்தை வற்றச் செய்து தேங்காயோடு புரட்டுவது துவரன். மலையாளத்தில் இரண்டும் தோர்த்து, தோரன் என்று வழங்குகின்றன. அவிப்பது அவியல், தீய்ப்பது தீயல், துவர்ப்பது துவரன். சமையலறைக்குள் போனால் தமிழும் மலையாளமும் ஒரே அம்மியில் அரைபட்டிருக்கின்றன.

இதில் ஒரு சரித்திரமும் இருக்கிறது. இந்தப் பகுதி பல நூற்றாண்டுக் காலம் திருவிதாங்கூர் ராஜ்யத்தில் இருந்தது. தமிழ் பேசும் தாலுக்காக்கள் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று மார்ஷல் நேசமணி முதலியவர்கள் தலைமையில் போராட்டம் நடந்தது. 1954 ஆகஸ்டு 11-ந் தேதி மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த துப்பாக்கிப் பிரயோகத்தில் உயிர்கள் பலியாயின. 1956 நவம்பர் 1-ந் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுக்காக்களும் கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை ராஜ்யத்தில் சேர்ந்தன. மொழிக்காக உயிரைக் கொடுத்தவர்கள் வீட்டிலும் புளிசேரியும் ஓலனும் இருந்தன. அவற்றை யாரும் எல்லைக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிடவில்லை. எல்லைக்கு அப்பாலும் சாம்பாரையும் ரசத்தையும் யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. கோடு நிலத்தில் விழுந்தது, இலையில் விழவில்லை.

மரச்சீனியும் மீனும்

நெல் விளைகிற நாட்டிலேயே அரிசி கிடைக்காத காலமும் உண்டு. இரண்டாம் உலக யுத்தத்தின்போது, 1942-ல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றுபோயிற்று. திருவிதாங்கூர் முழுவதையும் அப்போது பட்டினியிலிருந்து காப்பாற்றியது மரச்சீனிதான். 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா அந்தக் கிழங்கைச் சாகுபடி செய்யும்படி குடிகளைத் தூண்டியிருந்தார். 'கிழங்கு தின்றவர்கள்' என்று சொல்லிக்கொள்ள ஒரு காலத்தில் கூச்சப்பட்டார்கள். இன்று அதே கிழங்குக்காகச் சாலையோரக் கடைகளில் காத்து நிற்கிறார்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: மரச்சீனியை நன்றாக வேகவைத்து, வெந்த தண்ணீரை வடித்துக் கொட்டிவிட வேண்டும். சில ரகங்களில் நஞ்சு உண்டு. பிறகு தேங்காய், மஞ்சள், மிளகாய் அரைத்துச் சேர்த்து மசித்துக்கொள்ளலாம்.

மரச்சீனிக்குத் துணை மீன் குழம்பு. குளச்சல், முட்டம், சின்னமுட்டம் என்று கரை நெடுகத் துறைகள். சாளை, அயிலை, நெத்திலி, நெய்மீன் என்று தலைச்சுமையாகக் கொண்டுவரும் பெண்கள் மீனை மட்டும் விற்பதில்லை. "இன்னைக்குச் சாளையிலே நெய் இருக்கு. எண்ணெயைக் குறைச்சுக்கோ, மாங்காய் போட்டு வையி" என்று குழம்பையும் சேர்த்தே விற்கிறார்கள்.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்தது. ஆழ்கடலுக்குப் போயிருந்தவர்களில் பலர் திரும்பவில்லை. தூத்தூர் வட்டாரத்துக் கிராமங்களில் பெண்கள் நாள்கணக்காகக் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். உள்நாட்டில் வாழைத் தோட்டங்களும் ரப்பர் மரங்களும் சாய்ந்து கிடந்தன. 'என்ன கறி?' என்று யாரும் யாரையும் கேட்காத நாட்கள் அவை. மறுபடி கூடைகள் ஊருக்குள் வந்து, ஒரு வாசலில் அந்தக் கேள்வி எழும்பியபோதுதான் அந்த வீட்டில் உயிர் திரும்பியது என்று சொல்லலாம். சாப்பாட்டுப் பேச்சை வெட்டிப் பேச்சு என்று நினைப்பவர்கள் இதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

முந்திரி இல்லாத முந்திரிக்கொத்து

நாகர்கோவிலில் சாயங்காலப் பலகாரம் ரசவடை. பருப்பு வடை சூடான ரசத்தில் மூழ்கிக் கிடக்கிறது. நம்முடைய சாம்பார் வடைக்கு இது தாயாதி. ஆனால் நாஞ்சில் நாட்டுப் பலகாரங்களில் மகாராணி முந்திரிக்கொத்துதான். பெயரைக் கேட்டு அதற்குள் முந்திரிப் பருப்பைத் தேடி ஏமாந்தவர்கள் உண்டு. முந்திரி என்பது இங்கே திராட்சை. நாம் முந்திரிப் பருப்பு என்பதை அங்கே அண்டிப்பருப்பு என்பார்கள். சரி, திராட்சையாவது உண்டா? அதுவும் இல்லை! வறுத்துப் பொடித்த சிறுபயறு, தேங்காய், எள், ஏலக்காய் இவற்றை வெல்லப் பாகில் உருட்டி, மூன்று மூன்றாகச் சேர்த்து அரிசி மாவில் தோய்த்து எண்ணெயில் போடுகிறார்கள். அவை ஒட்டிக்கொண்டு திராட்சைக் கொத்து மாதிரி எழுந்து வருகின்றன. அதனால் அந்தப் பெயர். தீபாவளிக்கும் கல்யாணச் சீருக்கும் இது இல்லாமல் முடியாது.

மண்டைக்காட்டுப் பகவதிக்குப் படைக்கிற மண்டையப்பம் வேறு இருக்கிறது. தலைவலி தீர வேண்டும் என்று நேர்ந்துகொண்டு தலை வடிவத்தில் செய்து வைக்கிறார்கள். கணக்கு எழுதித் தலைவலி வந்தவர்கள் கவனிக்கலாம்.

எல்லாவற்றையும் கேட்டுக் குறித்துக்கொண்டு வந்த நான் ஒரே ஒரு இடத்தில் தோற்றேன். ஔவையார் நோன்பு என்று ஒன்று. ஆடி, தை, மாசி மாதச் செவ்வாய்க்கிழமைகளில், வீட்டு ஆண்கள் தூங்கிய பிறகு பெண்கள் கூடி உப்பில்லாத கொழுக்கட்டை அவிக்கிறார்கள். 'மறந்தால் மாசி, தட்டினால் தை, அசந்தால் ஆடி' என்று பழமொழியே இருக்கிறது. ஆண் குழந்தைகூட அதைப் பார்க்கக் கூடாது. தோவாளைத் தாலுக்காவில் தாழக்குடிக்கு அருகே ஔவையாருக்குக் கோயிலும் உண்டு. ஆடிச் செவ்வாயில் அங்கே பெண்கள் கூட்டம் கூட்டமாகப் போய்க் கூழும் கொழுக்கட்டையும் செய்கிறார்கள். "நோன்புக் கொழுக்கட்டைக்கு என்ன பக்குவம்?" என்று மெதுவாகக் கேட்டேன். அதுவரை அருவி போல் பேசிக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் வாயை மூடிக்கொண்டார்கள். ஒருத்தி மட்டும் சிரித்துக்கொண்டே, "அதை ஆம்பிளையளுக்குச் சொல்லப்படாது" என்றாள். வாசகிகளில் பலருக்கு அந்த ரகசியம் தெரிந்திருக்கும். தயவுசெய்து எனக்கு எழுதிவிடாதீர்கள்!

யாருக்கு எந்தச் சொத்து?

தேரூரில் 1876-ல் பிறந்த கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை, 'நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்' என்ற நூலை எழுதினார். சிரிக்கச் சிரிக்க எழுதியிருந்தாலும் அதன் உள்ளே இருப்பது கண்ணீர். நாஞ்சில் நாட்டு வேளாளர்களிடையே அப்போது ஒருவனுடைய சொத்தில் பெரும் பகுதி அவனுடைய சகோதரியின் பிள்ளைகளுக்குத்தான் போகும். கணவன் கண்ணை மூடினால், அதுவரை எந்த அடுப்பின் முன் நின்றாளோ அந்த அடுப்பும் மனைவிக்குச் சொந்தமில்லை. 1926-ல் சட்டம் வந்து அந்த முறையை மாற்றியது. அதற்கு முன், அப்படி வெளியேறிய பெண்கள் வயலைக் கொண்டுபோக முடியவில்லை, பத்தாயத்து நெல்லைக் கொண்டுபோக முடியவில்லை. கொண்டுபோனது கைப்பக்குவம் ஒன்றைத்தான். எந்தக் காரணவரும் பிடுங்க முடியாதபடி தாயிடமிருந்து மகளுக்கு வந்துகொண்டிருந்த சொத்து அதுதான்.

இன்று சட்டம் பெண்ணுக்குப் பங்கு கொடுக்கிறது. ஆனால் அந்தப் பழைய சொத்துக்கு வேறு ஆபத்து வந்திருக்கிறது. கன்னிப்பூவும் கும்பப்பூவும் விளைந்த வயல்கள் பல இன்று தென்னந்தோப்பாகவும், வாழைத் தோட்டமாகவும், வீட்டு மனையாகவும் மாறிவிட்டன. கல்யாணங்கள் மண்டபத்துக்குப் போய், சமையல் ஒப்பந்தக்காரர் கைக்குப் போய்விட்டதால் காய் வெட்டு இரவுகள் குறைந்து வருகின்றன. அரிவாள்மணையைச் சுற்றி உட்கார ஆளில்லை என்றால் அவியலுக்கு மாங்காயா புளியா என்று யார் சண்டை போடுவார்கள்? சண்டை போட ஆளில்லாத பதார்த்தம் சீக்கிரம் மறந்துபோகும். 'எவ்வளவு உப்பு?' என்று கேட்டால் அந்த ஊர்ப் பாட்டிமார், "ஒரு கை போடு" என்கிறார்கள். எந்தக் கை என்று கேட்பதற்கு இன்னும் அந்தக் கை இருக்கிறது. அதுதான் நமக்கு அதிர்ஷ்டம்.

ஆகையால் அடுத்த முறை குமரிக்குப் போகிறபோது ஒரு நாளை நாகர்கோவிலுக்கென்று ஒதுக்கி வையுங்கள். சென்னை எழும்பூரிலிருந்து 2024 முதல் வந்தே பாரத் ரயிலும் ஓடுகிறது. யாராவது கல்யாணத்துக்கு அழைத்தால் தட்டாதீர்கள். பாயசம் வந்துவிட்டதே என்று இலையை மடித்துவிடவும் வேண்டாம். பாயசத்தில் பப்படத்தை நொறுக்கி, மட்டிப்பழத்தைப் பிசைந்து சாப்பிட்ட பிறகும், மோருக்கென்று கொஞ்சம் சோறு வரும்.

மட்டிப்பழம் என்றேனே, அது அந்த மாவட்டத்துக்கே உரிய பழம். விரல் போன்ற சிறிய வாழைப்பழம், மெல்லிய தோல், அறை முழுவதும் மணம். கைக்குழந்தைக்கு முதலில் ஊட்டுகிற பழமும் இதுதான். 2023-ல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. திரும்பி வரும்போது வடசேரியில் ஒரு சீப்பு வாங்கிக்கொள்ளுங்கள். பெட்டிக்கு அடியில் வைத்தால் நசுங்கிவிடும், மடியிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். ஆரல்வாய்மொழி தாண்டுவதற்குள் எதிர் ஸீட்டு அம்மாள், "மட்டியா? எங்கே வாங்கினிய? நல்லா பழுத்திருக்கே!" என்று கேட்பாள். அதன் பிறகு ஊர் வந்து சேரும்வரை உங்களுக்குப் பொழுதுபோக்குக்குப் பத்திரிகைகூட வேண்டியிருக்காது.